கோச்சடை இடத்தில் பாதி

தம்பி, நேற்று நீ போனை வைத்த வேகத்திலேயே உன் கோபம் எனக்குப் புரிந்துவிட்டது. "கோச்சடை எடத்துல பாதிய யாரோ ஒரு பொம்பளைக்கு எழுதிக் குடுக்கப் போறீகளாமே, மாமா சொன்னாரு. கோர்ட்ல ஜெயிச்ச எடத்த எதுக்குப்பா தூக்கிக் குடுக்கணும்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "ஒங்களுக்கு வயசாயிருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய். வயதானது உண்மைதான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து பட்டறைப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. அதனால்தான் இந்தக் காரியத்தைத் தள்ளிப்போடாமல் முடிக்கப் பார்க்கிறேன். போனில் பேசினால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் சத்தம் போடுவேன், சொல்லவேண்டியது சொல்லாமலே போய்விடும். எழுதினால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. பெங்களூரில் இருக்கும் உனக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும் இதை யார் படித்தாலும் எனக்குச் சம்மதமே. நான் கண்ணால் பார்த்ததை நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட ஆசையாக இருக்கிறது.

அந்த இடத்தை வாங்கியபோது நீ இரண்டாம் வகுப்பு. செல்லூரில் நமக்கு வாடகை வீடு. கீழே தறி ஓடும், மேலே நாம் இருப்போம். தறி நின்றால்தான் உனக்குத் தூக்கம் கலையும், அந்த அளவுக்கு அந்தச் சத்தம் உனக்குப் பழகியிருந்தது. நான் என் வெல்டிங் பட்டறையில் ஊரார் வீட்டுக்கெல்லாம் கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தேன். "ஊருக்கெல்லாம் கேட்டு செஞ்சு குடுக்கிறீக. நமக்குன்னு ஒரு கேட்டு மாட்ட எடம் வேணாமா?" என்று உன் அம்மாதான் ஆரம்பித்தாள். கோச்சடையில், வைகைக் கரைக்குப் போகிற பக்கம், அந்தப் பத்து சென்ட்டைப் பார்த்துவிட்டு வந்ததும் அவள்தான். அப்போது அங்கே வீடுகள் கிடையாது. இடம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆடுகூட உள்ளே நுழையாது. என் பெயரில் பத்திரம் பதிந்தோம், பட்டா மாற்றினோம். அதோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். வரி கட்டுவது, எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவது எல்லாம் உன் அம்மா பொறுப்பு. "எப்டி இருக்கு எடம்?" என்று கேட்பேன். "இருக்கு" என்பாள். இடத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நீ கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள். காலையில் உனக்கு போன் செய்து பேசியவள், மத்தியானம் பெரியாஸ்பத்திரியில் இல்லாமல் போனாள். அதைப் பற்றி நான் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது. அதன் பிறகு சில வருஷங்கள் அந்த இடம் என் நினைவிலேயே இல்லை. உனக்கு வேலை கிடைத்து, "அப்பா, கோச்சடை எடத்துல வீடு கட்டுவோம், இல்ல வித்துட்டு இங்க ஃபிளாட் வாங்குவோம்" என்று நீ சொன்ன பிறகுதான் ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனேன். கருவேலம் வெட்ட ஆள் பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். சுற்றிலும் மாடி வீடுகள் வந்திருந்தன. நடுவில் நம் இடம் மட்டும் பச்சைப்பசேலென்று கிடந்தது. தெரு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஒரு முள் இல்லை. ஓரம் முழுக்க அகத்தி, மூலையில் முருங்கை, உள்ளே பாத்தி பாத்தியாக அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. பக்கத்திலேயே தகரம் போட்ட ஒரு குடிசை. கருவேலத்தின் வேர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. வெட்டினால் போகாது, தோண்டித் தோண்டி எடுக்க வேண்டும், விட்ட துண்டு மறுபடி துளிர்க்கும். அந்த வேரையெல்லாம் யாரோ கையாலேயே எடுத்திருந்தார்கள். கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது பிரமிப்பு. அதை நான் அன்றைக்கு யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

"யாருய்யா அது, பாத்திக்குள்ள கால வைக்கிறது?" என்று ஒரு குரல் கேட்டது. அறுபது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, கையில் களைக்கொத்து. அவள்தான் பேச்சியம்மாள்.

"இது என் எடம்மா" என்றேன்.

"ஒங்க எடமா? ஒங்க எடம்னா இம்புட்டு நாளா எங்க போயிருந்தீக? முள்ளுக் கெடந்தப்ப ஒருத்தனக் காணோம். கீரை மொளச்சதும் ஆளாளுக்கு டேப்பத் தூக்கிட்டு வந்துர்றாய்ங்க. வாரம் ஒரு புரோக்கர் வாரான், இது என் எடம்னு. போய்யா அங்கிட்டு."

பத்திர நகலைக் காட்டினேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சர்வேயர் நாடாவைப் பிடிக்கப் போனார். அவள் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் மரியாதை இல்லாமல் நாலு வார்த்தை பேசினேன், அவள் எட்டு வார்த்தை பேசினாள். அடுத்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அவள் தரப்பிலிருந்து பதில் வந்தது. இந்த நிலத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக வெளிப்படையாக, இடைவிடாமல், சொந்தக்காரருக்கு எதிராக அனுபவித்து வருகிறேன், எனவே இது எனக்கே பாத்தியப்பட்டது என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது, பட்டா என் பெயரில் இருக்கிறது, வரி ரசீது எல்லாம் உன் அம்மா ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறாள். இவள் எங்கிருந்து சொந்தக்காரி ஆனாள்?

நம் வக்கீல் சிரிக்கவில்லை. "அண்ணே, லேசா நெனைக்காதீங்க. இதுக்கு எதிரிடை அனுபவம்னு பேரு. பத்திரம் வச்சிருக்கவர் பன்னண்டு வருஷம் கேக்காம விட்டுட்டா, எடத்துல இருக்கவங்களுக்கே அது போயிரலாம். கரண்ட் பில், ரேஷன் கார்டு, அக்கம்பக்கத்துச் சாட்சி எல்லாம் அந்தம்மா கையில கெட்டியா இருக்கு" என்றார்.

"அப்ப வாடகைக்கு இருக்கவன் பூராம் வீட்டுக்காரன் ஆயிருவானா?"

"அதான் இல்ல. நீங்க விட்டு இருந்தா எத்தன வருஷம் இருந்தாலும் உரிமை வராது. உங்க அனுமதி இல்லாம, உங்கள மீறி இருந்திருக்கணும். எதிரியா இருந்திருக்கணும். அப்பத்தான் வரும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே யோசித்தேன். கேட்டுவிட்டுப் பணிவாக இருந்தவனுக்கு ஒன்றும் இல்லை, கேட்காமல் பிடித்துக்கொண்டவனுக்கு எல்லாம் உண்டு என்றால் இது என்ன நியாயம் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சட்டத்தைப் பார்த்தும் ஒரு மலைப்பு வந்தது. நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவனை அது கேட்கிறது: உனக்கு நிஜமாகவே இது வேண்டுமா? காகிதத்தில் இருக்கிற என் கையெழுத்து ஒரு பக்கம், மண்ணில் இருக்கிற அவள் கை ஒரு பக்கம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கத் துணிந்திருக்கிறார்கள். உனக்கும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீ எங்கே இடம் வாங்கினாலும் பத்திரத்தைப் பெட்டியில் வைத்தால் போதும் என்று இருந்துவிடாதே. வருஷத்துக்கு ஒரு முறையாவது போய் அந்த மண்ணில் நில். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று உன் கண்ணால் பார்.

கேஸ் நடந்தது. கோர்ட் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். நீ லீவில் வந்தபோதெல்லாம் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். பேச்சியம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள். அவள் மகன் செல்வம் ஆட்டோ ஓட்டுகிறவன், அவன்தான் கூட்டி வருவான். அந்தக் கேஸில் அவளைவிட அவனுக்குத்தான் வேகம். இடம் கைக்கு வந்தால் அடுத்த நாளே விற்பதற்கு ஆள் பார்த்து வைத்திருந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கோர்ட் வராந்தாவில் என்னைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னேன். "வாங்குன காலத்துலருந்து இந்த எடத்த யார் பாத்துக்கிட்டது?" என்று அவள் வக்கீல் கேட்டார். "என் சம்சாரம்" என்றேன். "அவங்கள ஏன் சாட்சியா கொண்டுவரல?" என்று கேட்டார். "அவ செத்துப் போயி வருஷமாச்சுங்கய்யா" என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். இருமல் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து அவளுடைய முறை வந்தது. எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலத்தில் எல்லாம் சரியாக இருந்தது. யாரிடமும் கேட்காமல் நுழைந்தேன், யாருடைய அனுமதியும் இல்லாமல் இருந்தேன், சொந்தக்காரர் குடும்பத்தில் எவரையும் எனக்குத் தெரியாது. கீழே அவள் கையெழுத்து. நம் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டார்.

"நீங்க இருந்த காலத்துல இவங்க குடும்பத்துல யாராவது வந்து எடத்தப் பாத்தாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்தாக" என்றாள்.

வக்கீல் நிமிர்ந்தார். "யாரு வந்தா?"

"வீட்டம்மா. இவுக சம்சாரம்."

"வந்து காலி பண்ணச் சொன்னாங்களா?"

"சொல்லத்தான் வந்தாக. சொல்லல."

"பின்ன என்ன சொன்னாங்க?"

அவள் வக்கீல் எழுந்து, சாட்சிக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்றார். "நெனவெல்லாம் நல்லாத்தேன் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். நீதிபதி ஒரு பெண், சின்ன வயதுதான். வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

"எம் புருஷன் செத்து, வாடிப்பட்டிப் பக்கம் பொறந்த வீட்டுலயும் இருக்க முடியாம, சின்னப் பிள்ளையோட அங்க வந்து சாக்கக் கட்டி உக்காந்தேன் தாயி. கொஞ்ச நாள்ல இவனுக்கு அம்மை போட்டுருச்சு. வேப்பலையில படுக்கப் போட்டிருக்கேன். அன்னைக்குன்னு அந்தம்மா வந்தாக. மொகமெல்லாம் கோவம். யாரக் கேட்டு இங்க இருக்கன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்தவுக, பிள்ளையப் பாத்ததும் நின்னுட்டாக. ஒண்ணும் பேசல. திரும்பிப் போயிட்டாக. போலீசக் கூட்டியாரப் போறாகன்னு நெனச்சேன். ரெண்டு எளனியோட வந்தாக. அம்மை போட்ட பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவ, இருந்துக்க, நாங்க வீடு கட்டுறப்பச் சொல்லுதேன், அப்பக் காலி பண்ணிக் குடுத்துருன்னாக. அந்தச் சொல்லுல இருந்தேன். இந்நாள் வரைக்கும் அதுலதான் இருக்கேன்."

தட்டச்சு செய்கிற பெண் கையை எடுத்துவிட்டாள். செல்வம் பின்னால் எழுந்து நின்றுவிட்டான். நீதிபதி காகிதத்தைப் புரட்டி, "நீங்க கையெழுத்துப் போட்டதுல யாரோட அனுமதியும் இல்லன்னு இருக்கேம்மா?" என்று கேட்டார்.

"வக்கீலய்யா எழுதுனாரு. நான் போட்டுட்டேன். தப்புத்தேன்."

"இப்ப நீங்க சொல்றது உங்களுக்கே பாதகமா முடியும். அது தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் தாயி. எல்லாரும் சொல்லித்தான் கூட்டியாந்தாக, அந்தம்மா பேச்சையே எடுக்காதன்னு. அவுக உசுரோட இருந்தா அவுகளே வந்து சொல்லட்டும்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன். அவுக இல்லன்னு இந்தக் கோர்ட்டுல வச்சுத்தான் எனக்குத் தெரியும். இப்ப அந்தச் சொல்லுக்கு நான் ஒருத்திதான இருக்கேன். நானும் இல்லேன்னுட்டா, அவுக அதச் சொல்லாமலே போனதால்ல ஆயிரும்?"

தம்பி, நான் மீனாட்சி கோயிலில் எத்தனையோ முறை கும்பிட்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பழைய பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு மயிர்க்கூச்செறிந்த மாதிரி எந்தச் சன்னதியிலும் ஆனதில்லை. உன் அம்மா சொன்னதை நான் கேட்கவில்லை. எனக்கு அவள் சொல்லவும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் அந்தச் சொல் இருந்தது ஒரே ஓர் ஆளின் மனதில். அந்த ஆளுக்கு அதை மறைத்தால் இடம் கிடைக்கும், சொன்னால் தலைக்கு மேல் இருக்கிற தகரமும் போகும். அவள் சொன்னாள். எதிரியாக இருந்தேன் என்று சொன்னால்தான் இடம் உனக்கு என்றது சட்டம். நான் எதிரி இல்லை என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கூண்டிலிருந்து இறங்கி வந்தாள். நம் வக்கீல் என் தோளைத் தட்டினார். "ஜெயிச்சுட்டோம்ணே" என்றார்.

வெளியே செல்வம் அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். "ஒன்னய யாரு உண்மையப் பேசச் சொன்னா? தெருவுல நிக்கப் போறோம்" என்றான். அவனுக்கு அம்மை போட்டதால் பிறந்த சொல் அது என்பது அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. அவளை விட்டுவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னய்யா, சந்தோசம்தான?" என்றாள்.

"ஏம்மா சொன்னீக?"

"ஒமக்காகச் சொல்லல. ஒம்ம மூஞ்சிக்குப் பத்துப் பொய்கூடச் சொல்லுவேன்" என்றாள். பிறகு, "எப்டிச் செத்தாக?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழுதாள், தம்பி. நம் வீட்டு மனுஷி செத்ததற்கு, அத்தனை வருஷம் கழித்து, கோர்ட் வாசலில், எதிர்த்தரப்பு அழுதது. "மாசத்துக்கு ஒருக்கா வருவாக. கூடையக் கவுத்திப் போட்டு அதுல உக்காந்து பேசிட்டுப் போவாக. வெறுங்கையோட அனுப்ப மாட்டேன், கீரை குடுத்து விடுவேன். திடீர்னு வாரது நின்னுபோச்சு. ஏதோ கோவம்போலன்னு நெனச்சேன். செல்லூர்னு மட்டும்தான் தெரியும். செல்லூர்ல எந்தத் தெருன்னு தேடுறது?"

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. உன் அம்மா மாதத்தில் ஒரு நாள் பையில் அகத்திக்கீரையோ தண்டுக்கீரையோ கொண்டுவருவாள், நினைவிருக்கிறதா? உனக்குத் தண்டுக்கீரைப் புளிக்குழம்பு என்றால் உயிர். "எங்க வாங்குன, இம்புட்டு எளசா இருக்கு?" என்று நான் கேட்டால், "வேண்டியவுக குடுத்தது" என்பாள். முள் மண்டிக் கிடப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த நிலத்தின் விளைச்சலை நாமும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம். அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். சொன்னால் நான் குதிப்பேன், மறுநாளே ஆள் கூட்டிப் போய்க் குடிசையைப் பிரிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த ஒருத்திக்கு என்னை அளந்து வைக்கத் தெரியாதா? வீடு கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள். அதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. காலி செய்யக் கெடு கொடுத்தார்கள். கெடு முடிவதற்குள் நான் போய்ப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என்ன பேசுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். கடைசியில் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குடிசை இல்லை. அமீனா வரவில்லை, போலீஸ் வரவில்லை, அவளாகவே போய்விட்டாள். தகரத்தையும் கம்பையும் எடுத்துக்கொண்டு, கம்பு நட்ட குழிகளை மூடி, மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, இடம் முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தாள். பாத்திகளில் கீரையை அப்படியே விட்டிருந்தாள். அகத்தியில் ஒரு கிளைகூட முறிக்கவில்லை. தோற்றவர்கள் விட்டுப்போன இடம் மாதிரி இல்லை அது. விருந்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது வீட்டைக் கூட்டிவைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. பூட்டுவதற்குச் சங்கிலி கொண்டுபோயிருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஈரமண்ணில் செருப்போடு நிற்கக் கூச்சமாக இருந்தது. கழற்றிவிட்டேன்.

பக்கத்து வீட்டில் விசாரித்து, வாடிப்பட்டியில் அவள் தம்பி வீட்டைத் தேடிப் பிடித்தேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன, இன்னும் எதையாச்சும் தூக்கிட்டு வந்துட்டேன்னு கேஸ் போடப் போறீகளா?" என்றாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று.

"திரும்பி வாங்கம்மா" என்றேன்.

"எதுக்கு? பாவம் பாத்தா? அதெல்லாம் எனக்கு வேணாம்."

"பாவம் இல்ல. எங்க வீட்டுல என்ன சொல்லி ஒங்கள இருக்கச் சொன்னா? நீங்கதான கோர்ட்ல சொன்னீக."

"நாங்க கட்டுறப்பக் காலி பண்ணுன்னாக."

"நாங்க கட்டுறோமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"செங்கல் எறக்கிருக்கமா, மணல் எறக்கிருக்கமா? கட்டலையே. அப்ப அவ சொன்ன சொல்லு இன்னும் அப்டியேதான் இருக்கு. நீங்க ஏன் காலி பண்ணீக?"

அவள் தம்பியின் பெண்டாட்டி காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப் போயிற்று. பிறகு பேச்சியம்மாள், "கோர்ட்டு ஒமக்குன்னு சொல்லிருச்சேய்யா" என்றாள். "கோர்ட்டு எடம் என்னுதுன்னுதான் சொல்லுச்சு. ஒங்கள இருக்கக் கூடாதுன்னு நான் சொன்னாத்தான. நான் சொல்லல" என்றேன். அவள் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்களுக்கு இம்புட்டு பேச வருமா? அந்தம்மா, ஒங்களுக்குக் கத்த மட்டும்தான் தெரியும்னு சொல்லிருக்காக" என்றாள்.

அவள் திரும்பி வந்துவிட்டாள். குடிசையைக் கட்டும்போது நானே பட்டறையிலிருந்து குழாய்க் கம்பி கொண்டுபோய் வெல்டு வைத்துக் கொடுத்தேன். செல்வமும் வந்து தகரம் தூக்கினான். என்னை "அண்ணே" என்கிறான், முகத்தைப் பார்க்காமல். அதன் பிறகுதான் எனக்கு ஆஸ்பத்திரி, ஸ்டென்ட் எல்லாம். கட்டிலில் கிடந்தபோது ஒன்றுதான் தோன்றியது. உன் அம்மா சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். அதைக் காப்பாற்ற ஒரு பேச்சியம்மாள் இருந்தாள். நான் சொல்லிவிட்டுச் செத்துப்போனால் காப்பாற்ற யார்? எல்லாச் சொல்லுக்கும் அப்படி ஓர் ஆள் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. சாதாரண மனுஷனுக்குப் பத்திரம்தான் பாதுகாப்பு. எனவே அவள் குடிசையும் பாத்தியும் இருக்கிற பாதியை அவள் பேருக்கே தானப் பத்திரமாகப் பதிந்துவிடுவது என்று முடிவு செய்தேன். மீதிப் பாதி உனக்கு. அதில் வீடு கட்டினாலும் விற்றாலும் உன் இஷ்டம்.

உன் மாமா உன்னிடம் சொன்னது இதுவரைக்கும்தான். இதற்குப் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. இந்த இடம் நான் சம்பாதித்து என் பெயரில் வாங்கியது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மகன் கையெழுத்துத் தேவையில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். பத்திர எழுத்தரிடம் வாசகம்கூட எழுதி வாங்கிவிட்டேன். அதைக் கொண்டுபோய்ப் பேச்சியம்மாளிடம் படித்துக் காட்டினேன். களை எடுத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"ஒங்க மகனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"அவன் கையெழுத்து வேண்டியதில்ல. சட்டத்துல கேக்கல."

"சட்டத்துல ஆயிரம் இருக்கும். அந்தம்மா பெத்த பிள்ள மனசுல ஒரு கல்லு கெடந்தா, நான் இந்த மண்ணுல எப்டிப் படுத்து எந்திரிக்க? அந்தப் பிள்ள வந்து நிக்கட்டும். சம்மதம்னு அது வாயால சொல்லட்டும். இல்லாட்டி நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் படியேற மாட்டேன். ஒங்க சொல்லுல இருக்க வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. பாதி நிலம் சும்மா வருகிறது என்றால் வேண்டாம் என்கிற ஆளை நீ உன் ஆபீஸில் பார்த்திருக்கிறாயா? நான் என் ஆயுளில் ஒரே ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது விஷயம் என் கையில் இல்லை, சட்டத்தின் கையிலும் இல்லை. உன்னிடம் வந்து நிற்கிறது.

உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா மேல் ஆணை என்றெல்லாம் சொல்லவும் மாட்டேன். அவள் யாரையும் அப்படிப் பிடித்து வைத்தவள் இல்லை. இதைப் படித்த பிறகும் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். லீவு போட்டுவிட்டு ஒரு நாள் வா. ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே, நேராகக் கோச்சடைக்குப் போ. நான் கூட வரமாட்டேன். சம்மதம் இல்லை என்றால் அதை என்னிடம் போனில் சொல்லாதே. காலையில் அவள் பாத்தியில்தான் இருப்பாள். அவளிடம் போய்ச் சொல்.